இடித்துவிட்ட லைன் வீடுகளை எழுதி வைப்பது எப்படி

வட சென்னையில் மில்லையும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பையும் நம்பி இருந்த லைன் வீடுகள் பல இன்று இல்லை. நீளமாக ஒரே ஓட்டுக்கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், பத்துக்குப் பத்தில் ஒரு அறை, அதன் மூலையில் அடுப்பு, வெளியே எல்லாருக்கும் ஒரு குழாய், கோடியில் வரிசையாக கக்கூஸ். அதில் வளர்ந்தவர்கள் வாட்ஸ்அப்பில் ‘மறக்க முடியுமா அந்த நாட்களை’ என்று போட்டு ஒரு அழுகைப் பொம்மை வைப்பதோடு சரி. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் எங்கள் லைனை எழுத ஆரம்பித்தபோது உருப்படியாகக் கைகொடுத்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். எந்த ஊர் மில் லைனுக்கும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் பொருந்தும்.

எடுத்தவுடன் எழுத உட்காராதீர்கள், வரையுங்கள். மாதக் காலண்டரின் கிழித்த தாள் போதும், பின்பக்கம் வழவழவென்று பெரிதாக இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து தொடங்கினால் மற்ற வீடெல்லாம் அதைச் சுற்றிச் சின்னதாகிவிடும், அதனால் குழாயிலிருந்து தொடங்குங்கள். குழாய், கக்கூஸ் வரிசை, சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது, தெருவிளக்குக் கம்பம், பெட்டிக்கடை, அம்மன் கோயில், அப்புறம்தான் வீடுகள். சென்னையில் கதவு எண்ணை எழுதும்போது பழைய எண்ணா புதிய எண்ணா என்று குறிக்காமல் விட்டால் பிறகு எந்தக் காகிதத்தோடும் ஒத்துப்போகாது. உங்கள் படத்தை யாரிடமும் காட்டாமல், அண்ணன், அக்கா, பழைய சிநேகிதர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தாளில் வரையச் சொல்லுங்கள். ஒருவர் கோடியில் சுவர் போட்டிருப்பார், இன்னொருவர் அங்கே வெறும் மைதானம் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சுவர் நடுவில் ஒரு வருஷம் வந்திருக்கும். அது ஏன் வந்தது, யார் போட்டது என்று கேட்கப் போனால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச விஷயம் இருக்கும்.

ஆட்களைத் தேடுவதற்கு ஆடி மாதம்தான் சரியான நேரம். வீடுகளை இடித்தாலும் கோயிலைத் தொட பெரும்பாலும் தயங்குவார்கள், அதனால் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குத் தூக்கிப் போடப்பட்டவர்கள்கூட கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்துக்கு வந்து நிற்பார்கள். அங்கே பேட்டி எடுக்க முயலாதீர்கள், மைக்செட்டில் ஒன்றும் காதில் விழாது. போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் வீட்டுக்குப் போங்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். ஆண்கள் டீக்கடையையும் கேரம் கிளப்பையும் யூனியனையும் சொல்வார்கள், அந்த வீடுகள் எப்படி நடந்தன என்பது பெண்களுக்குத்தான் தெரியும். எப்படிக் கேட்கிறோம் என்பது அதைவிட முக்கியம். ‘அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்றால் ‘நல்லா இருந்துச்சு கண்ணு’ என்று முடித்துவிடுவார்கள். நான் ஓர் ஆயாவிடம் இப்படிக் கேட்டேன்: “விடியக்காலம் குழாயில எங்கம்மா குடத்துக்கு முன்னாடி யாரு குடம் ஆயா இருக்கும்?” உடனே வந்தது பதில்: “தையக்காரம்மா வூட்டுது. அவ எங்க குடம் வெப்பா, கல்லுதான் வெப்பா. கல்ல வெச்சிட்டுப் போயி தூங்கிடுவா, தண்ணி வர்ற நேரத்துக்குக் கரெக்டா வந்து சண்டைக்கு நிப்பா.” தையக்காரம்மா வீடு எது, உள்ளே வெளிச்சம் இல்லாததால் மிஷினை வாசற்படியில் எப்படிக் குறுக்காகப் போட்டிருந்தார், வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்க வேண்டும் என்பதற்காக எத்தனை மணிக்கு மேல் மிஷினை மிதிக்கமாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யார் அதட்டி அடக்கினார்கள் என்று அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டே நாலு வீட்டுக் கதை வந்துவிட்டது.

குழாய், கக்கூஸ், அடுப்பு, ஷிப்ட், சம்பள நாள், கந்துவட்டிக்காரர் வருகிற நாள், இப்படித்தான் கேட்க வேண்டும். ‘எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, பண்டிகைக்கு யார் வீட்டுப் பலகாரத்தை யார் வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் விடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும். பிறகு வருவதை எழுதாமல் விட்டால் நீங்கள் எழுதுவது கல்யாண வாழ்த்துமடல்தான். குடி, அடிதடி, சாதி, ராத்திரியில் கக்கூஸ் போகப் பயந்து அடக்கிக்கொண்ட பெண்பிள்ளைகள், எல்லாமும் அந்த லைன்தான்.

பதிவு செய்ய போனே போதும், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தச் சொல்லி (வெயில் காலத்தில் கோபிப்பார்கள், பரவாயில்லை), அவர் மடிக்குப் பக்கத்தில் வையுங்கள். கோப்புக்குத் தேதி, கதவு எண், உறவுமுறை மூன்றையும் அன்றைக்கே பெயராக வைத்துவிடுங்கள்.

வருஷங்கள்தான் பெரிய தொல்லை. யாரும் 1987 என்று சொல்லமாட்டார்கள், ‘எம்ஜிஆர் செத்த வருஷம்’ என்பார்கள். அவர் இறந்தது 1987 டிசம்பர் 24, வருஷம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஆகவே ‘அந்த வருஷம்தான் கரண்டு இழுத்தாங்க’ என்றால் அது 1988 ஆகவும் இருக்கலாம், முன்னாடியா பின்னாடியா என்று கேட்டுவிடுங்கள். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31, ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டது 1991 மே 21, சுனாமி 2004 டிசம்பர் 26. ‘பெரிய வெள்ளம்’ என்றால் 1985, 2005, 2015 மூன்றில் எது என்று பிரித்தாக வேண்டும், அப்போது வீட்டில் என்ன போன் இருந்தது என்று கேட்டால் தெரிந்துவிடும். ‘மில்லு மூடின வருஷம்’ இன்னும் குழப்பம். பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில் கடைசியாக மூடப்பட்டது 1996இல், ஆனால் அந்த மில் 1921 வேலைநிறுத்தம் தொட்டு எத்தனையோ நிறுத்தங்களையும் கதவடைப்புகளையும் பார்த்தது. எந்த மூடல் என்று கேளுங்கள். மறுபடி சங்கு ஊதியதா என்பதை வைத்து அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

இனி காகிதம். பழைய குடும்ப அட்டை, பள்ளிக்கூட டி.சி., மில் அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு எல்லாம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் எங்காவது கிடக்கும். என் கணக்கில் எல்லாவற்றையும்விட உபயோகமானது கல்யாணப் பத்திரிகை. தேதி, முழு முகவரி, தெருவின் பழைய பெயர், யார் யார் சொந்தம் என்பது எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஸ்டூடியோ போட்டோவில் பின்னால் வரைந்த மலையும் ஏரியும்தான் இருக்கும், லைன் தெரியாது. மஞ்சள் நீராட்டு, மாப்பிள்ளை அழைப்பு வீடியோ கேசட் 90களில் எடுத்தது இருந்தால் விடாதீர்கள். சீர்த்தட்டு ஏந்தி வருகிறவர்களுக்கு முன்னால் வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுத்திருப்பார், அந்த லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு கதவும் திண்ணையும் சுவர் விளம்பரமும் வரிசையாக வந்து போகும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து உங்கள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், சுத்தம் செய்து மாற்றித்தரும் ஸ்டூடியோவில் கொடுங்கள்.

அரசாங்கப் பக்கம், 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள், பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக (எஸ்.ஐ.ஆர்.) 2025இல் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைத்தன, அதில் தெரு வாரியாகக் கதவு எண்ணும் பெயரும் வயதும் உண்டு. கூகுள் எர்த் புரோவைக் கணினியில் போட்டுக் கடிகாரக் குறியைத் தொட்டால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும், எந்த வருஷப் படத்தில் கூரை இருக்கிறது, எதில் வெறும் மண் என்று பார்த்தாலே இடித்த காலம் ஓரளவுக்குப் பிடிபடும். ஸ்ட்ரீட் வியூவை நம்பாதீர்கள், சென்னைக்கு அது முறையாக வந்ததே 2022இல்தான். இடம் தனியாருடையது, சர்வே எண்ணும் தெரியும் என்றால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், 1975 முதல் இடம் யார் கைக்கு மாறியது என்று வரும். குடிசை மாற்று வாரியத்துக்குச் சொந்தமான இடம் என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, குடியிருப்பு வரைபடமும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் கேளுங்கள். 1970இல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர், மனுவில் புதுப் பெயரையே எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

எழுத உட்காரும்போது பிறந்தது முதல் இடித்தது வரை என்று கோத்துக்கொண்டு போக வேண்டாம், கதவு கதவாகப் போங்கள். ஒரு வீடு அரைப் பக்கம் வரும், இன்னொன்று ஆறு பக்கம் வரும், வரட்டும். கக்கூஸைக் கழிப்பறை என்று திருத்தாதீர்கள், வூட்டையும் வீடாக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர் வேண்டாம், சைக்கிள் கடை அண்ணன், ஏழாம் வீட்டு அத்தை என்று அங்கே கூப்பிட்டதே போதும். போலீஸ் கேஸ், ஓடிப்போன கதை, அடி வாங்கிய கதை எதையும் சம்பந்தப்பட்டவர் சரி என்றால் மட்டும் சேருங்கள், இல்லையென்றால் வீட்டு எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் வரைபடத்தோடு ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு, பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வலது பக்கம் மட்டும் அச்சடித்து இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள், ‘எங்க வூடு அங்க இல்ல, அதுக்கு அடுத்தது’ என்று பேனாவில் எழுதி அனுப்புவார்கள், அதையெல்லாம் சேர்த்து அடுத்த பிரதியைப் போடலாம்.