பழைய டாட் ரெக்கார்டருக்குப் புதிய பவர் சப்ளை

அப்பா பதிவுசெய்த கச்சேரி நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதற்காக, 1990களில் வாங்கிய எங்கள் டாட் (டிஜிட்டல் ஒலிநாடா) ரெக்கார்டரை எடுத்தபோது, அது ஓரிரு நிமிடங்களில் திரை மங்கித் தானாகவே அணைந்து மீண்டும் இயங்கியது. மல்டிமீட்டரில், 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.6 மட்டுமே காட்டியது. அக்கால டிஜிட்டல் சில்லுகள் பலவற்றுக்கு 4.75 வோல்ட்டே கீழெல்லை.

பவர் சப்ளையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர்கள் உப்பாமல் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால், பல ஆண்டு வெப்பத்தில் உள்ளிருக்கும் திரவம் வற்றியதால் அவற்றின் உள்தடை மிகவும் உயர்ந்திருந்ததை இஎஸ்ஆர் மீட்டர் காட்டியது. அவற்றை மட்டும் மாற்றவே முதலில் எண்ணினேன். ஒன்று கசிந்து செப்புத் தடத்தை அரித்திருந்ததால், 5 வோல்ட்டும் கூட்டல், கழித்தல் 12 வோல்ட்டும் தரும் புதிய எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) பலகையைப் பொருத்த முடிவுசெய்தேன்.

மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் முதன்மைக் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை ஒரு மின்தடை வழியாக வடித்து, அளந்து பார்த்த பின்னரே கை வைத்தேன். புதிய பலகையை நேரடியாக இணைக்காமல், 5 ஓம், 10 வாட் மின்தடையைச் சுமையாக வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன், 5.02 வோல்ட் அசையாமல் நின்றது. பழைய இணைப்பியின் கம்பி வரிசை வேறாக இருந்ததால், ஒவ்வொரு கம்பியையும் இருமுறை சரிபார்த்தேன்.

முதல் ஓட்டத்துக்கு வெற்று நாடாவையே பயன்படுத்தினேன். மறுநாள்தான் அப்பாவின் நாடாவை உள்ளே வைத்தேன். தம்புராவின் சுருதி இடையறாமல் ஒலித்தது.