பெரிய மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா? கொடைக்கானல்ல வச்சு நீங்களே டெஸ்ட் பண்ணி பாக்குற முறை

கொடைக்கானல்ல கல்யாண போட்டோ எடுக்குறது என் தொழில். சீசன் டைம்ல ஏரிக்கரைல கழுத்துல கேமராவோட நின்னா போதும், யாராவது பக்கத்துல வந்து "அண்ணே, இதே மாதிரி வாங்கணுமா, இல்ல பாக்கெட்ல போடுற சின்ன கேமராவே போதுமா"ன்னு கேப்பாங்க. கேக்குறவங்க பாதி பேர் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு முதல் கேமரா வாங்கப் போறவங்க, அதனால வாய்க்கு வந்ததை சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. ரெண்டையும் ஒரு நாள் கையில வச்சு டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்கன்னு தான் சொல்லுவேன். மதுரை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்கள்ல கேமரா வாடகைக்கே கிடைக்குது, இல்லன்னா தெரிஞ்சவங்ககிட்ட ஒரு நாளைக்கு வாங்கிக்கலாம். அந்த ஒரு நாளை எப்படி செலவு பண்றதுன்னு தான் இந்த பதிவு.

என்கிட்ட இருக்குற பெரிய மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாத்துற வகை) சோனி ஏ7 மார்க் 3, 2018ல வந்தது, அதோட 24-70 எஃப் 2.8 லென்ஸ். சின்னது சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, 2014ல வந்தது. ரெண்டுமே பழசு தான். உங்க கையில வேற மாடல் இருந்தாலும் முறை இதே தான்.

ஸ்டெப் 1: சென்சார் சைஸ் புரிஞ்சுக்கோங்க

சென்சார்னா வெளிச்சத்தை வாங்கி படமாக்குற சில்லு. பெரிய கேமராவுக்குள்ள இருக்குற ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தபால் ஸ்டாம்ப். சின்னதுல இருக்குறதை "ஒரு இன்ச் சென்சார்"னு சொல்றாங்க, ஆனா அளந்தா 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் தான், சுண்டு விரல் நகம் அளவு. அந்த "ஒரு இன்ச்" பழைய காலத்து வீடியோ கேமரா ட்யூபோட வெளி விட்டத்துல இருந்து வந்த பேரு, சென்சாரோட அளவு இல்ல. பரப்பளவு கணக்கு போட்டா பெருசு சின்னதை விட ஏழு மடங்குக்கு மேல.

மழைல வாசல்ல ஒரு அண்டாவையும் ஒரு சின்ன போசியையும் வச்சதா நினைச்சுக்கோங்க. அடிச்சு ஊத்துற மழைல ரெண்டும் நிறைஞ்சிடும், யாருக்கும் குறை இல்ல. தூறல் போடும்போது தான் அண்டால ஏதோ சேரும், போசில அடி நனையும் அவ்வளவு தான். வெளிச்சமும் அப்படித்தான், அதனால டெஸ்ட்டை பட்டப்பகல்ல மட்டும் பண்ணிட்டு "ரெண்டும் ஒண்ணு தான்பா"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, ராத்திரி மட்டும் பண்ணிட்டு சின்னதை தூக்கியும் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 2: ரெண்டையும் ஒரே மாதிரி செட் பண்ணுங்க

நிறைய பேர் சறுக்குற இடம் இது தான், நானும் மொத தடவ இங்க தான் தப்பு பண்ணேன். ரெண்டையும் ஆட்டோல போட்டு எடுத்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணி பாத்துட்டு, இருக்குற வித்தியாசம் எல்லாம் சென்சாரால வந்ததுன்னு நம்பிட்டேன். பாதி வித்தியாசம் ரெண்டு கேமராக்குள்ள இருக்குற சிப்பும் கலரை வேற வேற மாதிரி சமைச்சதால வந்தது.

அதனால மொதல்ல ரெண்டுலயும் ரா ஃபைல் (கேமரா சமைக்காத பச்சை ஃபைல்) போடுங்க. வைட் பேலன்ஸை, அதாவது கலர் சாயத்தை சரி பண்ற செட்டிங்கை, ரெண்டுலயும் டேலைட்ல நிறுத்துங்க. அப்புறம் ஜூம். சின்ன கேமரா லென்ஸ் மேல 8.8-25.7னு எழுதியிருக்கும், அதை 2.7ஆல (சென்சார் அகலம் 36ஐ 13.2ஆல வகுத்தா வர்றது) பெருக்குனா 24-70, அதாவது என் பெரிய லென்ஸ் பாக்குற அதே கோணம். ரெண்டையும் ஒரே இடத்துல நின்னு ஒரே ஃப்ரேம் வர்ற மாதிரி வைங்க.

அடுத்தது அப்பர்ச்சர், லென்ஸ் எவ்வளவு திறந்திருக்குங்குறது; எஃப் நம்பர் சின்னதுன்னா திறப்பு பெருசு. அதே 2.7 இங்கயும் வரும், இதை தான் பல பேர் விட்டுடுறாங்க. சின்னதுல எஃப் 1.8 வச்சா பின்னாடி எவ்வளவு மங்கலா போகுமோ, அது பெருசுல எஃப் 5 பக்கம் வச்சதுக்கு சமம். சின்னதுல எஃப் 2.8ன்னா பெருசுல எஃப் 8னு வைங்க. ஷட்டர் ரெண்டுலயும் ஒண்ணே. இப்போ சின்னதுல ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு பிரகாசமாக்கணும்ங்குற செட்டிங்) 125 போதும்னா பெருசுல 1000 கேக்கும். பாக்க அநியாயமா தெரியும், ஆனா இப்படி எடுத்த ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும்! பெரிய கேமராவோட பலம் லென்ஸை நல்லா திறந்து வைக்கும்போது தான் வெளிய வருதுன்னு எனக்கு அன்னைக்கு தான் உறைச்சுச்சு. எல்லாத்தையும் எஃப் 8ல எடுக்குற ஆளா நீங்க, மலை, ஏரி, கோயில்னு, அப்போ அந்த பலத்தை வீட்டுல பூட்டி வச்ச மாதிரி தான்.

இன்னொரு கணக்கும் சொல்லிடுறேன். பெருசுல எஃப் 2.8 லென்ஸ் போட்டா, எஃப் 1.8ல திறந்த சின்னதை விட ஒன்றரை ஸ்டாப் தான் மேல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). எஃப் 4 லென்ஸ் போட்டீங்கன்னா வித்தியாசம் அரை ஸ்டாப் சொச்சத்துக்கு இறங்கிடும். ஆனா சின்னதோட எஃப் 1.8 வைட் பக்கம் மட்டும் தான், ஜூம் பண்ணா எஃப் 2.8க்கு போயிடும், அங்க பெரிய கேமரா தெளிவா முந்திடும். பாடிக்கு காசு போட்டுட்டு லென்ஸுக்கு கையை பிசையுறவங்க இதை கவனிங்க.

ஸ்டெப் 3: பனில எடுங்க

மத்தியானத்துக்கு மேல மலை ஓரமா இருக்குற நடைபாதை கோக்கர்ஸ் வாக் போங்க, கீழ சமவெளில இருந்து மேகம் ஏறி வரும். ரெண்டு கேமராலயும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தை வெளுப்பாக்குற, இருட்டாக்குற செட்டிங்) ப்ளஸ் 0.7ல இருந்து ப்ளஸ் 1 வரைக்கும் ஏத்துங்க, இல்லன்னா பனி வெள்ளையா வராம அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலா வரும். பனிக்குள்ள வெளிச்சமும் நிழலும் நெருங்கி இருக்குறதால சின்ன சென்சாருக்கு கஷ்டமே இல்ல, என் படங்கள்ல இங்க எதுல எது எடுத்ததுன்னு எனக்கே தெரியல.

ஃபோகஸ்ல தான் வித்தியாசம். என் சின்னது கான்ட்ராஸ்டை தேடி ஃபோகஸ் பண்ற வகை, பனில தேடி தேடி முன்னும் பின்னும் ஓடும். மரத்தோட ஓரம், கம்பி வேலி மாதிரி கருப்பா ஒரு கோடு தெரியுற இடத்துல பாயின்ட்டை வச்சு பாதி அழுத்தி பிடிச்சுட்டு, அப்புறம் ஃப்ரேமை நகத்துங்க.

ஸ்டெப் 4: பூம்பாறைல காலைல

கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை கிராமம் 18 கிலோமீட்டர் சொச்சம். ஊருக்கு முன்னாடி ரோட்டுல நின்னு பாத்தா படிப்படியா வயலும் நடுவுல வீடுகளும் தெரியும்ல, அந்த இடம். சூரியன் வரும்போது வானம் பளீர்னு இருக்கும், வயல் இருட்டா கிடக்கும். வானம் வெந்து வெறும் வெள்ளையா போகாத மாதிரி ரெண்டுலயும் பேஸ் ஐஎஸ்ஓல (அந்த கேமராவோட அடிப்படை ஐஎஸ்ஓ) எடுங்க, வீட்டுக்கு வந்து சாஃப்ட்வேர்ல இருட்டை மட்டும் மூணு ஸ்டாப் தூக்குங்க. பெருசுல வயல்ல இருக்குற பூண்டு வரிசை வரிசையா தெளிவா எந்திரிச்சு வரும். சின்னதுல அதே இடத்துல புள்ளி புள்ளியா வந்து, பச்சையும் ஊதாவும் திட்டு திட்டா நிக்கும். லேண்ட்ஸ்கேப் தான் உங்க ஆசைன்னா இந்த ஒரு டெஸ்ட்டை தவிர்க்காதீங்க.

அப்படியே ஊருக்குள்ள இறங்குங்க. ஒரு வீட்டு வாசப்படில ஒரு ஆத்தா உக்காந்து மலைப்பூண்டை தாளோட சேத்து கட்டு கட்டிட்டு இருந்தாங்க. உள்ள புகை பிடிச்சு கருத்த விட்டம், வெளிச்சம் வாசல் வழியா அவங்க விரல்ல மட்டும் விழுது, விரல் இடுக்குல பூண்டுத் தோல் சருகு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. "எடுத்துக்கவா ஆத்தா"ன்னு கேட்டேன், "எடு சாமி"ன்னாங்க. பெரிய கேமராவை தூக்குனதும் முந்தானையை சரி பண்ணிட்டு, நிமிந்து, பூண்டை கீழ வச்சுட்டு என்னையே பாத்தாங்க. நல்ல படம் தான், ஆனா ஸ்டூடியோ படம். அப்புறம் சும்மா பேசிட்டே சின்னதை இடுப்புக்கிட்ட பிடிச்சு, ஸ்க்ரீனை மேல மடக்கி வச்சு எடுத்தேன். அதோட ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்குற வகை, சத்தம் நகத்தை நகத்தால சுண்டுன அளவு தான். அவங்க பாட்டுக்கு தாளை முறுக்கி கட்டிட்டே இருந்தாங்க. எந்த ஸ்பெக் ஷீட்லயும் இது இருக்காது, அதனால ஒரு ஆளையாவது ரெண்டு கேமராலயும் எடுத்து பாருங்க. கேட்டுட்டு எடுங்க, அது முக்கியம்.

ஸ்டெப் 5: இருட்டுல, ஓட்டத்துல

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு டீக்கடை முன்னாடி நில்லுங்க. இப்போ சமப்படுத்துற வேலை வேணாம், ரெண்டையும் அததோட முழு பலத்துல விடுங்க. ஷட்டர் செகண்ட்ல 125ல ஒரு பங்கு, டீ ஆத்துற மாஸ்டர் கை, நெத்தி மேல ஃபோகஸ். சின்னதுல ஐஎஸ்ஓ 3200 தாண்டுனா முகத்துல தோலோட நுணுக்கம் போயி மெழுகு பூசுன மாதிரி ஆகிடும், பெருசு 6400லயும் தாங்கும். கொஞ்சம் ஜூம் பண்ணா பெருசு இன்னும் நல்லா தெரியும். கல்யாண மண்டபத்துல நான் சின்னதை நம்பாததுக்கு இது தான் காரணம்.

ஏரிக்கரைல குதிரை ஓட்டத்தையும் எடுங்க. பெருசுல ஃபோகஸ் பிடிக்குறதுக்கு 693 ஃபேஸ் டிடெக்ஷன் பாயின்ட், தேடாம விடாம பிடிக்கும். சின்னதும் செகண்டுக்கு 10 படம் எடுக்கும், ஆனா மொத படத்துல ஃபோகஸ் பூட்டிடும், அதுக்கப்புறம் குதிரை நகந்தா நகந்தது தான். டவுனுக்குள்ள காட்டுமாடு வந்தா எந்த கேமராவா இருந்தாலும் கிட்ட போகாதீங்க, 70 எம்எம்ல ஃப்ரேம் நிறைய எடுக்கணும்னா ஆபத்தான தூரத்துக்கு போகணும்.

ஸ்டெப் 6: தூக்கி நடங்க

என் பெருசு பாடி 650 கிராம், லென்ஸ் 886, சேந்து ஒன்றரை கிலோ. சின்னது 290. நாள் முழுக்க சோலைக்காட்டுப் பாதைல நடந்து பாத்தா அந்த ஒன்றரை கிலோ கழுத்துல எங்க உக்காருதுன்னு தெரிஞ்சிடும். பேட்டரில கதை தலைகீழ், கம்பெனி அளவுப்படி பெருசு 710 படம், சின்னது 320, அதுவும் மலைக்குளிர்ல இன்னும் குறையும், அதனால எக்ஸ்ட்ரா பேட்டரியை சட்டைப் பைல உடம்பு சூட்டோட வைங்க.

குளிர்ல இருந்து சமையல்கட்டுக்குள்ள கேமராவை நேரா கொண்டு போகாதீங்க, லென்ஸ்ல வேர்த்துடும். ஜிப் கவர்ல போட்டு மூடி, அரை மணி நேரம் கழிச்சு திறங்க. முன்னாடி வச்சிருந்த ஒரு சின்ன கேமராவை ஐப்பசி மழைல அப்படியே பீரோல போட்டு வச்சு, லென்ஸ் உள்ள வலை மாதிரி பூஞ்சை பிடிச்சு போச்சு, மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. சின்னதுல லென்ஸை கழட்டி சுத்தம் பண்ணவும் முடியாது. இறுக்கமான டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், மழைக்காலம் முழுக்க.

ஸ்டெப் 7: பிரின்ட் போடுங்க

ஸ்க்ரீன்ல 100 சதவீதம் பெருசு பண்ணி பாக்குறதை நிறுத்துங்க. ஒவ்வொரு ஜோடியையும் 12க்கு 18 இன்ச் பிரின்ட் போடுங்க. 300 டிபிஐக்கு (இன்ச்சுக்கு 300 புள்ளி) 5400க்கு 3600 பிக்சல் வேணும், சின்னதுல 5472க்கு 3648 இருக்கு, சரியா போதும். பின்னாடி பென்சில்ல மட்டும் ஒரு நம்பர் போட்டு, கேமரா பத்தி எதுவும் தெரியாத ஆள்கிட்ட குடுங்க.

நான் ஆறு ஜோடி போட்டு எங்க அம்மாகிட்ட குடுத்தேன். கண்ணாடி போட்டுட்டு ஜன்னல் பக்கம் போயி நிதானமா பாத்தாங்க. டீக்கடை ஜோடிலயும் பூம்பாறை காலை ஜோடிலயும் உடனே பெருசை எடுத்து வச்சாங்க. பனி ஜோடி மூணுலயும் "ரெண்டும் ஒண்ணு தானேடா"ன்னாங்க. பூண்டு ஜோடில சின்னது எடுத்த படத்தை மடில வச்சுக்கிட்டு, இதை ஃப்ரேம் போட்டு தா, ஹால்ல மாட்டணும்னாங்க. போன வாரம் தான் மாட்டுனேன்.