தூங்குகிற பச்சைப்பிள்ளையை எழுப்பித்தான் பார்க்க வேண்டும்

புதிதாகச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களோடு செல்லம்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். கை கழுவுவது, தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். வாசலிலேயே பாட்டி சொல்லிவிடுவார்: "இப்பத்தாம்மா தூங்குது, எழுப்பாதீக. அழுகையே இல்ல, அம்புட்டுச் சமத்து." இவர்களும் சரியென்று சேலைத் தொட்டிலை விலக்கிப் பார்த்து, நோட்டில் 'குழந்தை நலம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பிறந்து சில நாளே ஆன பிள்ளை பால் கேட்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டும். அதுவும் 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால் உடம்பில் சூடு தங்காது. பால் இறங்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை குறையும், பிள்ளை சோரும், சோர்ந்த பிள்ளையால் உறிஞ்ச முடியாது. கிருமித் தொற்றுக்கும் காய்ச்சல் அடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று வந்தால் பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு.

ஒரு வீட்டில் என்னோடு வந்த பெண் நோட்டை மூடிவிட்டாள். நான் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தினேன். வயிற்றில் லேசான சூடு, பாதம் சில்லென்று இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் முகம் சுளித்ததே தவிர அழுகை வரவில்லை. மார்பில் வைத்தால் காம்பு வாயில் இருக்கிறது, உறிஞ்சவில்லை. 108-ஐக் கூப்பிட்டோம். பிள்ளையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து, மேலே சேலையைச் சுற்றி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டது.

அதனால் எழுப்புங்கள். துணியை விலக்கி, மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே நன்றாகக் குழிந்தாலோ உடனே வண்டியைக் கூப்பிடுங்கள். பால் குடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பாட்டியிடம் கோபப்பட வேண்டாம். அவர் கையாலேயே பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் குடிக்கவைக்கிற பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். அப்புறம் அந்த வீட்டில் உங்களைவிடக் கறாராக இருப்பவர் அவர்தான்.

சேனை வைப்பது

பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் படக் கூடாது. பெரியவர் ஆசைக்குப் பிள்ளையை மடியில் வாங்கி ஆசீர்வாதம் செய்யட்டும்.

தொப்புளில் எண்ணெய், சாம்பல், பவுடர்

எதையும் வைக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது, அடிக்கடி கொடுக்க வேண்டும். கூடவே ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலும் கொடுக்க வேண்டும். துத்தநாக மாத்திரையை, போக்கு இரண்டு நாளில் நின்றாலும், 14 நாளும் கொடுக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையை வாங்கி மிச்சத்தை எண்ணிப் பாருங்கள்.