லிஃப்ட் செய்த ஜீப்புக்கு டயரும் கிரவுன் பினியனும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியாச்சு, 33 அங்குல டயரும் மாட்டியாச்சு, நிறுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரி ஏறினால், முன்பு இரண்டாவது கியரில் சுலபமாக ஏறிய கொண்டை ஊசி வளைவில் இப்போது முதல் கியர் கேட்கிறது, பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் ஐந்தாவது போட்டால் இழுவையே இல்லை, போதாததற்கு கிளட்ச் வாடை வேறு. வேலூர் பக்கம் ஜீப் வைத்திருக்கும் பசங்க அடிக்கடி சொல்லும் குறை இது. இன்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று இன்ஜெக்டர் வரைக்கும் கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. இன்ஜினில் ஒன்றும் இல்லை. டயர் பெரிதாகிவிட்டது, ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் பழையபடியே இருக்கிறது, அவ்வளவுதான்.

கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் ஆக்ஸில் ரேஷியோ. 4.10 என்றால் ஷாஃப்ட் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற, சக்கரம் ஒன்று. இந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போய்விடுவதால் முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை எல்லாவற்றிலும் இழுவை ஒரே அளவில் குறையும். விட்டதைத் திரும்பப் பிடிக்க ரேஷியோ எண்ணைப் பெரிதாக்க வேண்டும்.

இதில் லிஃப்ட் கிட்டுக்கு எந்தப் பங்கும் கிடையாது. லிஃப்ட் செய்வது டயர் உள்ளே திரும்ப இடம் விடுவதற்குத்தான். கட்டை ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புக் குழாய்) வண்டியில் எத்தனை அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷியல் உருண்டை (கிரவுன் பினியன் உட்காரும் கூடு) தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. ஜவ்வாது மலைப் பாதையில் கல்லில் இடிப்பதோ அந்த உருண்டைதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய விட்டத்தில் பாதி. ஆகவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள், அப்புறம் கியர், கடைசியில் அந்த டயருக்குத் தேவையான அளவு மட்டும் லிஃப்ட். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது, கிட் தள்ளுபடியில் வந்தது என்று வாங்கி மாட்டிவிட்டு அப்புறம்தான் டயர் தேடுகிறார்கள்.

படி 1: டயர் விட்டம்

டயர் ஓரத்தில் இருக்கும் எண்ணே போதும். 2020-இல் வந்த மஹிந்திரா தாரில் 16 அங்குல சக்கரத்துக்கு 245/75 ஆர்16 டயர். 245 என்பது அகலம், மி.மீ. கணக்கு. 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது. 16 ரிம் விட்டம், அங்குலத்தில்.

245 × 0.75 = 183.75. பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 367.5. ரிம் 16 × 25.4 = 406.4. கூட்டினால் 773.9 மி.மீ., அதாவது முப்பதரை அங்குலம்.

இதே ரிம்முக்கு 285/75 ஆர்16 போட ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி போட்டால் 833.9 மி.மீ. வரும், கடையில் 33 என்று சொல்லி விற்பது இதைத்தான். 833.9 ÷ 773.9 = 1.0775. விட்டம் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் கூடுகிறது.

கம்பெனிக்குக் கம்பெனி அசல் அளவு கொஞ்சம் மாறும், பாரம் ஏறினால் டயர் அமுங்கவும் செய்யும். சந்தேகமாக இருந்தால் சிமெண்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே நேரில் கோடு போட்டு, டயர் கோடு மறுபடி அடியில் வரும்வரை வண்டியைத் தள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்தால் அதுதான் ஒரு சுற்றுக்கு உங்கள் வண்டி உண்மையில் போகும் தூரம். புது டயர் போட்ட நண்பர் வண்டியிலும் இதே போல அளந்து ஒப்பிட்டால் எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

படி 2: இப்போது உள்ள ரேஷியோ

வண்டியின் கையேட்டில் இருக்கும். பழைய வண்டி, பல கை மாறியது என்றால் கையேட்டை நம்பாதீர்கள், யாராவது வேறு வண்டியின் ஆக்ஸிலைப் போட்டு வைத்திருக்கலாம், எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சமதரையில் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது. டயரில் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் டயரைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். நாலுக்குக் கொஞ்சம் மேலே என்றால் 4.10 பக்கம், நாலரையைச் சற்றுத் தாண்டினால் 4.56. ஏன் இரண்டு சுற்று? மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத் தின்றுவிடும். லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) உள்ள வண்டியில் இது நடக்காது, அதில் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஒரே சுற்று சுற்றுங்கள்.

ஹவுசிங் மூடியைத் திறக்கும் வேலை எப்படியும் இருந்தால் கிரவுன் வீலிலேயே பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். கிரவுனில் 41-ம் பினியனில் 9-ம் என்றால் 41 ÷ 9 = 4.56. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 39-க்கு 8, அதாவது 4.88; அதற்குப் பின் வந்த சிஜே-2ஏ-வில் 43-க்கு 8, 5.38. பழைய ஜீப் மலையில் ஆடு மாதிரி ஏறுவதும், 60-ஐத் தாண்டினால் அலறுவதும் இந்த 5.38 செய்யும் வேலை.

படி 3: புது ரேஷியோ

பழைய ரேஷியோவைப் புது டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். உங்கள் வண்டியில் 4.10 இருப்பதாக வைத்தால் 4.10 × 1.0775 = 4.42.

4.42 என்று கேட்டால் கடையில் சிரிப்பார்கள். வழக்கமாகக் கிடைப்பவை 3.73, 4.10, 4.30, 4.56, 4.88 என்று போகும், அதிலும் உங்கள் ஆக்ஸிலுக்கு எது வருகிறதோ அதுதான். 4.30-ஆ, 4.56-ஆ? நான் பெரிய எண்ணான 4.56-ஐத்தான் சொல்வேன், ஏனென்றால் பெரிய டயர் விட்டத்தில் மட்டுமல்ல, எடையிலும் கூடுதல், அது இந்தச் சூத்திரத்தில் வராது. பம்பர், வின்ச், மேலே கேரியர் என்று ஏற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்துமே என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 80 கி.மீ. வேகத்தில், இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர் (1-க்கு 1) என்று வைத்தால், பழைய டயரும் 4.10-ம் சேர்ந்து சுமார் 2250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று). டயரை மட்டும் மாற்றினால் 2090-க்கு இறங்கிவிடும். 4.56-ம் போட்டால் 2320. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே இந்த 70 ஆர்பிஎம் காதிலேயே விழாது.

டீசல் தாரில் 300 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 1600 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைப்பதால் அது ஓரளவு சமாளிக்கும். மாருதி ஜிம்னி மாதிரி 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு டார்க் உச்சத்துக்கு வருவதே 4000 ஆர்பிஎம்மில், ஆகவே டயர் ஓர் அளவு பெரிதானாலும் உடனே தெரியும். ஆட்டோமேட்டிக் என்றால் மேட்டில் கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது நல்லதல்ல.

மாற்றத்தான் வேண்டுமா?

விட்ட வித்தியாசம் நாலு சதவீதத்துக்குள் என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. 245/75-லிருந்து 265/75 ஆர்16-க்குப் போனால் 803.9 மி.மீ., 3.9 சதவீதம்தான். வருஷத்துக்கு இரண்டு முறை ஜமுனாமரத்தூர், மற்ற நாளெல்லாம் காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை என்று ஓடும் வண்டிக்கு இந்த டயரே தாராளம், கிரவுன் பினியனைத் தொடாமல் அந்தக் காசை நல்ல ஷாக் அப்சார்பரில் போடலாம். ஆறு, ஏழு சதவீதம் தாண்டினால் மாற்றுங்கள். ரேஷியோ எண் ஏற ஏற பினியன் சிறுத்துப் பல் குறையும், பலமும் குறையும் என்பதால் தேவைக்கு மேல் போகவும் வேண்டாம்.

படி 4: வேலைக்குக் கொடுக்கும்போது

முன், பின் இரண்டு ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்பாவது இங்கேதான், "இப்போதைக்குப் பின்னாடி மட்டும் போட்டுக்கலாம்ணா" என்று சிலர் ஆசை காட்டுவதும் இங்கேதான். 4.10-ம் 4.56-மாக வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, கெட்டியான தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

கிரவுன் பினியன் உட்கார வைப்பது புதிதாகப் பழகுபவர் வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஆனால் பட்டறையில் நின்று சில விஷயங்களைக் கேளுங்கள். டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (இரண்டு பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்) பார்க்கிறார்களா? பெரும்பாலான ஆக்ஸில்களில் 0.15-லிருந்து 0.25 மி.மீ.க்குள் இருக்கும், உங்களுடையதற்குக் கையேட்டில் உள்ளதே சரி. பல்லில் அடையாளம் விழும் பசை பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் விழுந்தால் ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மறுபடி. பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாகவே போடுங்கள். "கையால ஆட்டிப் பாத்தாலே தெரியும்ணா" என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஆயிரம் கி.மீ.க்குள் ஊளையிடும்.

புது பல்லை முதல் 25, 30 கி.மீ. நிதானமாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 800 கி.மீ. வரை பாரம், மலை, மணல் எதுவும் வேண்டாம், பாலாறு எங்கேயும் போய்விடாது. அப்புறம் ஆக்ஸில் ஆயிலை மாற்றிவிடுங்கள். வடியும் ஆயிலில் சாம்பல் நிறப் பொடி இருந்தால் சகஜம், துண்டு துண்டாக உலோகம் வந்தால் உடனே திறந்து பார்க்க வேண்டும்.

மீட்டர், பிரேக், ஆர்.சி.

டயர் மட்டும் மாற்றினால் மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 86-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டர் கேபிளோ சென்சாரோ டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் வண்டியில் ரேஷியோவை மாற்றியதும் இது ஏறக்குறைய சரியாகிவிடும். சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுக்கும் புது வண்டியில் கியர் மாற்றினாலும் சரியாகாது, மென்பொருளில் டயர் அளவைத் திருத்த வேண்டும்.

கியர் மாற்றியதால் பிரேக் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரிய டயரை நிறுத்த அதே பிரேக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், ஏலகிரியிலிருந்து இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிங் திரும்பக் கிடைப்பது மட்டும்தான் லாபம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. லிஃப்டும் 33 அங்குல டயரும் போட்ட வண்டிக்கு சோதனையிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது டயர் எந்த அளவாக இருந்தாலும்.

டயர் வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். பின் கதவில் பழைய அளவு ஸ்டெப்னியே தொங்கிக்கொண்டிருந்தால், மலையில் பஞ்சரான அன்றைக்கு ஒரு சக்கரம் மட்டும் 60 மி.மீ. சிறியதாக நிற்கும், அந்த நிலையில் ஃபோர் வீல் போடவே முடியாது. 33-இன் எடையைக் கதவுக் கீல் தாங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.