'ஓம்' என்றால் சம்மதமா?

மட்டக்களப்பில் சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றிய ஓர் ஆய்வுக் கலந்துரையாடலுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு 32 வயது. கற்றல் குறைபாடு உண்டு, சீனி வருத்தமும் உண்டு. நடத்திய மிஸ் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவர் குளிசையை ஒழுங்காப் போடுறவரா?"

கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஆய்வுக்கு அழைப்பவர்கள் எங்கும் செய்யும் முதல் தவறு இதுதான்: ஆளை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவரிடம் கேட்பது. குளிசை விழுங்கும்போது தொண்டையில் ஒட்டுகிறதா, கிளினிக்கில் காத்திருக்கும்போது தலை சுற்றுகிறதா என்பது அவனுக்குத்தான் தெரியும். பங்கெடுப்பவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். துணைக்கு வந்தவர் முந்திக்கொண்டால், "கொஞ்சம் இருங்கோ அக்கா, தம்பி சொல்லட்டும்" என்று சொல்லலாம். நான் கோபிக்க மாட்டேன்.

எனக்கு அதிகம் கவலை தருவது, எதைக் கேட்டாலும் வரும் அந்த 'ஓம்' (ஆம்) என்ற பதில். ஓம் சொன்னால் ஏச்சு விழாது என்று சின்ன வயதிலேயே பழகியவர்கள் பலர். "கிளினிக் வசதியா இருந்ததா?" ஓம். "கஷ்டமா இருந்ததா?" அதற்கும் ஓம். இதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் ஆய்வே பிழைத்துவிடும். "கிளினிக்குக்குப் போனதும் முதலில் எங்கே இருப்பீங்கள்? அப்புறம்?" என்று கதையாகக் கேளுங்கள். இரண்டு படங்களைக் காட்டியும் கேட்கலாம். ஆனால் சிலர் கடைசியாகக் காட்டியதையே தொடுவார்கள். வரிசையை மாற்றி இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்.

அம்மா கையெழுத்து வைத்துவிட்டார், சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம், மருத்துவக் கவனிப்புக்கு அவர்களே விளங்கிக்கொண்டு, சுதந்திரமாகத் தரும் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு அது வேண்டாமா? படிவத்தில் "தன்னார்வப் பங்கேற்பு" என்று இருப்பதை, "விருப்பம் இல்லாட்டி எழும்பிப் போகலாம், ஒருவரும் ஏசமாட்டோம்" என்று வாயால் சொல்லுங்கள். நடுவில் ஒருவர் எழுந்து வாசலில் போய் நின்றால், அதுவும் ஒரு பதில்தான். மறித்துக் கூட்டி வராதீர்கள்.

இடமும் நேரமும் கூட ஆளை வெளியே தள்ளும். மாடி மண்டபம் வேண்டாம். வாகரையிலிருந்து வருபவருக்குத் துணைக்கு வருபவரின் பஸ் காசையும் சேர்த்துக் கொடுங்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வெள்ளி மதியத்தைத் தவிருங்கள், அது ஜும்ஆ தொழுகை நேரம்.

கடைசித் தவறு, சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டு, கண்டுபிடித்ததைத் திரும்ப வந்து சொல்லாமல் விடுவது. ஒரு தாளில் நாலு படம், நாலு வரி போதும். தம்பி இன்னும் கேட்கிறான், "அந்த மிஸ் எப்ப வருவா?"