எபிரேய எழுத்துகள்ல கிறிஸ்தவ அர்த்தம் பாக்குறது எப்படி? சங்கீதம் 119-ல இருந்து ஆரம்பிங்க

எபிரேயு ஒரு வார்த்தை கூட தெரியாது, ஆனா அந்த அலெஃப் பேத் எழுத்துக்குள்ள இயேசுவைப் பத்தி என்னமோ இருக்குன்னு பிரசங்கத்துல கேட்டிருக்கீங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் புரியலன்னா இது உங்களுக்குத்தான். ஒரு தமிழ் பைபிள், நோட்டு, பேனா, எபிரேய எழுத்து சார்ட் ஒண்ணு (நெட்டுல தேடினா ஃப்ரீயாவே கிடைக்கும்), அப்புறம் வார்த்தைக்கு வார்த்தை எபிரேயத்தைக் காட்டுற இன்டர்லீனியர் பைபிள் ஏதாவது ஒண்ணு ஃபோன்ல. இவ்ளோ போதும்.

யூடியூப்ல தேடினா முதல்ல வர்றது "இந்த எழுத்துன்னா ஆணி, அந்த எழுத்துன்னா கை" வகை வீடியோதான். அத கடைசியா பாக்கலாம். பைபிளே எழுத்துகளை எப்படி பயன்படுத்துதுன்னு தெரியாம அதுக்குள்ள போனா எது சரி எது கற்பனைன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.

படி 1: 22 எழுத்தையும் கையால எழுதிப் பாருங்க

மொத்தம் 22 எழுத்து, எல்லாமே மெய்யெழுத்து, வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் எழுதணும். உயிர் ஒலிக்கு இருக்குற புள்ளி கோடெல்லாம் ரொம்ப காலம் கழிச்சு சேர்த்தது, இப்போதைக்கு கண்டுக்காதீங்க. வரிசை இதுதான்: அலெஃப், பேத், கிமெல், தாலெத், ஹே, வாவ், ஸாயின், ஹேத், தேத், யோத், காஃப், லாமெத், மேம், நூன், ஸாமெக், ஆயின், பே, ஸாதே, கோஃப், ரேஷ், ஷின், தாவ். இதுல காஃப், மேம், நூன், பே, ஸாதே இந்த அஞ்சும் வார்த்தையோட கடைசியில வந்தா வேற வடிவம் எடுக்கும்.

எழுதும்போது தாலெத்தையும் ரேஷையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க. ரெண்டுமே மேல ஒரு கோடு, வலது ஓரத்துல கீழ ஒரு கால். தாலெத்துக்கு மட்டும் அந்த மூலையில துளி நீட்டிக்கிட்டிருக்கும், ரேஷுக்கு அந்த மூலை வளைஞ்சு போயிடும். மத்தேயு 5:18-ல இயேசு "ஒரு சிறு எழுத்தாகிலும், ஒரு எழுத்தின் உறுப்பாகிலும்" ஒழிஞ்சுபோகாதுன்னு சொல்றாரே, சிறு எழுத்துன்னா யோத், வரிசையிலேயே சின்னது அதுதான், உறுப்புன்னு சொல்றது இந்த மாதிரி துளி நீட்டலைத்தான்னு பலரும் விளக்குறாங்க. இத சொல்லிக் கேக்குறத விட நீங்களே பேனாவால போட்டுப் பாத்தாதான் புரியும்.

படி 2: சங்கீதம் 119-ஐ எட்டு எட்டா பிரிங்க

176 வசனம். 22-ஐ எட்டால பெருக்கிப் பாருங்க, சரியா வரும். முதல் எட்டு வசனமும் அலெஃப்ல ஆரம்பிக்கும், அடுத்த எட்டும் பேத்ல, இப்படியே தாவ் வரைக்கும். நம்ம ஆத்திசூடி "அறம் செய விரும்பு, ஆறுவது சினம்"னு எழுத்து வரிசையில போகுதுல்ல, அதே ஐடியாதான், இங்க ஒரு எழுத்துக்கு எட்டு வரி. தமிழ்ல படிக்கும்போது இது காணாமப் போயிடுது, அதனாலதான் பல பேருக்கு இந்த சங்கீதம் ஒரே விஷயத்தை திரும்பத் திரும்ப சொல்ற மாதிரி தோணுது.

இப்போ இன்டர்லீனியரைத் திறந்து மூணு இடத்தை மட்டும் பாருங்க.

பேத் பகுதி, 9-ல இருந்து 16. பேத்துன்னா வீடு. பெத்தேல், பெத்லகேம் ரெண்டுலயும் இருக்குறது இதே பேத்துதான், தேவனுடைய வீடு, அப்பத்தின் வீடு. 11-ஆம் வசனம் சண்டே ஸ்கூல் போன எல்லாருக்கும் மனப்பாடம், "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்"னு. எபிரேயத்துல அந்த வசனம் "இருதயத்தில்"ங்கிற வார்த்தையிலதான் ஆரம்பிக்குது, அந்த "இல்"லுக்கு வர்ற எழுத்துதான் பேத். வசனம் தங்குற வீடு இருதயம்னு கிறிஸ்தவ தியானம் எடுத்துக்கிறது இங்க இருந்துதான்.

வாவ் பகுதி, 41-ல இருந்து 48. எபிரேயத்துல வாவ்ல ஆரம்பிக்கிற வார்த்தை ரொம்பக் கம்மி. சங்கீதக்காரர் என்ன பண்ணாருன்னா எட்டு வசனத்தையும் "உம்" அர்த்தம் தர்ற வாவைப் போட்டே ஆரம்பிச்சுட்டாரு. வாவ்ங்கிற பேருக்கே அர்த்தம் கொக்கிதான், யாத்திராகமம் 27:10-ல ஆசரிப்புக் கூடாரத் தூண்கள்ல வெள்ளிக் கொக்கி வருதே, அந்த வார்த்தை. ஆதியாகமம் 1:1-ஐயும் பாருங்க, மொத்தம் ஏழு வார்த்தை, பைபிளோட முதல் வாவ் ஆறாவது வார்த்தையில வருது, வானத்தையும் பூமியையும் சேர்க்குற "உம்" அது. வாவ் வரிசையில ஆறாவது எழுத்துங்கிறதால வானத்தையும் பூமியையும் இணைச்ச கிறிஸ்துவை இதுல பாக்குறவங்க நிறைய பேர். எனக்கும் இது பிடிச்ச வாசிப்புதான், ஏன்னா இங்க கொக்கி, இணைப்பு ரெண்டுமே அந்த எழுத்து நிஜமா செய்ற வேலை, யாரும் வெளிய இருந்து கொண்டுவந்து ஒட்டல.

தேத் பகுதி, 65-ல இருந்து 72. எட்டுல அஞ்சு வசனம் "தோவ்", அதாவது நல்லது, அந்த வார்த்தைக் குடும்பத்துல ஆரம்பிக்குது. 71-ஆம் வசனம், "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது". நோட்டுல தேத்துக்கு நேரா "நல்லது"ன்னு எழுதிக்கோங்க, அடுத்த படியில வேணும்.

படி 3: ஜெரோம் எழுதின கடிதத்தோட ஒப்பிடுங்க

பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த புனித ஜெரோம், 384-ல ரோம்ல இருந்தப்போ, பவுலாங்கிற அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுறாரு, அவரோட கடிதத் தொகுப்புல 30-வது. விஷயமே இந்த சங்கீதமும் 22 எழுத்தும்தான். அலெஃப் போதனை, பேத் வீடு, கிமெல் நிறைவு, தாலெத் பலகைகள், ஹே இது, இப்படி ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் கொடுத்து கோத்து வாக்கியமாக்குறாரு: சபையோட போதனை, அதாவது தேவனுடைய வீட்டோட போதனை, வேதப் புத்தகங்களோட நிறைவுல இருக்கு. அடுத்து வாவ், ஸாயின், ஹேத் மூணையும் சேர்த்து "இதுவும் ஜீவன்"ங்கிற மாதிரி எடுத்துக்கிட்டு, கிறிஸ்துவையே அறிய வைக்கிற வேதத்தோட அறிவு இல்லாம வேற என்ன ஜீவன்னு கேக்குறாரு. தேத்துக்கு அவர் கொடுக்குற அர்த்தம் நல்லது. உங்க நோட்டைப் பாருங்க!

எல்லாமே மொழியியல்படி சரியான்னா இல்ல, கிமெல் எல்லாம் ஒட்டகத்தோட தொடர்புடையதுன்னுதான் பொதுவா சொல்றாங்க. சில எழுத்தோட பேரு காதுல எப்படி விழுதோ அத வச்சே அவர் அர்த்தம் சொல்ற மாதிரி இருக்கு. ஆனா ஜெபமா வாசிக்க இது நல்ல முறை.

படி 4: ஒரே ஒரு எழுத்தை எடுத்து ஆழமா போங்க, தாவ்ல ஆரம்பிங்க

கடைசி எழுத்து. எசேக்கியேல் 9:4-ல எருசலேமோட அக்கிரமத்தைப் பாத்து அழுறவங்க "நெற்றிகளில் அடையாளம் போடு"ன்னு வருது, எபிரேயத்துல அந்த அடையாளத்துக்கு வர்ற வார்த்தை தாவ். இப்போ சார்ட்ல இருக்குற சதுர எழுத்து பாபிலோன் சிறையிருப்புக்கு அப்புறம் அரமேயு மொழி எழுத்து வழியா வந்தது, அதுக்கு முந்தின பழைய எபிரேய எழுத்துல தாவ் வெறும் ரெண்டு குறுக்குக் கோடு, பெருக்கல் குறி மாதிரி. 3-ஆம் நூற்றாண்டுல ஒரிஜன்ங்கிற கிறிஸ்தவ வேத அறிஞர் இத விசாரிச்சப்போ, கிறிஸ்துவை ஏத்துக்கிட்ட யூதர் ஒருத்தர் பழைய தாவ் சிலுவை மாதிரி இருக்கும், கிறிஸ்தவங்க நெத்தியில போடுற அடையாளத்தைத்தான் அது முன்னறிவிச்சதுன்னு சொன்னதா பதிவாகியிருக்கு. 1215-ல நாலாவது லாத்தரன் சங்கத்துல (சபைத் தலைவர்கள் ரோம்ல கூடின பெரிய கூட்டம்) போப் மூன்றாம் இன்னசென்ட் தன்னோட பிரசங்கத்துல இந்த எசேக்கியேல் பகுதியையும் எடுத்துப் பேசினாரு. பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கின அசிசி பிரான்சிஸ் தாவையே தன்னோட கையெழுத்தா போட்டாரு, 1224-ல தன்னோட சபைத் துறவி சகோதரர் லியோவுக்கு எழுதிக் கொடுத்த ஆசீர்வாதத் தாள்ல அது இன்னமும் தெரியுது, அசிசியில பத்திரமா வச்சிருக்காங்க. பிரான்சிஸ்கன் சபையினர் கழுத்துல போடுற மரச் சிலுவையோட வடிவம் இதுதான், ஆனா அது பழைய எபிரேய வடிவம் இல்ல, கிரேக்க லத்தீன் வழியா வந்த வடிவம், மேல ஒரு கோடு நடுவுல இருந்து கீழ ஒரு கோடு.

உங்க வேலை: எசேக்கியேல் 9, வெளிப்படுத்தின விசேஷம் 7-ல நெற்றியில முத்திரை போடுற இடம், சங்கீதம் 119:176, மூணையும் ஒரே பக்கத்துல எழுதுங்க. "காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன்"னு வர்ற அந்தக் கடைசி வசனத்துல "வழிதப்பிப்போனேன்"ங்கிற வார்த்தைதான் எபிரேயத்துல முதல்ல நிக்குது, அது தாவ்ல ஆரம்பிக்குது.

படி 5: எண் கணக்கு, அளவோட

ஒவ்வொரு எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. தாவீது பேரு தாலெத், வாவ், தாலெத், 4+6+4, மொத்தம் 14. மத்தேயு 1:17-ல பதினாலு தலைமுறைன்னு மூணு தடவ வருது, இத நிறைய வேத அறிஞர்கள் ஏத்துக்கிறாங்க. 1494-ல ஜெர்மானிய எபிரேய அறிஞர் ரோய்ஷ்லின் யெகோவா நாமத்தோட நாலு எழுத்துக்கு (யோத், ஹே, வாவ், ஹே) நடுவுல ஷின் போட்டா இயேசுவோட நாமம் வருதுன்னு எழுதினாரு. பாக்க அழகா இருக்கு, ஆனா யேசுவாங்கிற பேரோட எபிரேய எழுத்து யோத், ஷின், வாவ், ஆயின், அதுல ஹே கிடையவே கிடையாது. உங்க நோட்டுல இத ஏத்த வேண்டாம்.

படி 6: இப்போ அந்த ஆணி வீடியோ

யெகோவா நாமம் யோத், ஹே, வாவ், ஹே. யோத் கை, ஹே "பார்", வாவ் ஆணி, அதனால "கையைப் பார், ஆணியைப் பார்"னு சொல்றாங்க. எழுத்துகள் ஆரம்பத்துல படத்துல இருந்து வந்தது உண்மை, யோத் கை சம்பந்தப்பட்டதும் உண்மை, வாவ் கொக்கி. ஹே-ன்னா பார்னு அர்த்தம்னு அவ்ளோ உறுதியா சொல்ல முடியாது, எபிரேயர்கள் ஒவ்வொரு எழுத்தையும் படமா கோத்து வார்த்தை உண்டாக்கினதுக்கும் ஆதாரம் இல்ல. தனி தியானத்துக்கு வச்சுக்கோங்க, யூத நண்பர்கிட்ட நிரூபணமா காட்டிடாதீங்க.

ஆதியாகமம் 1:1-ல நாலாவது வார்த்தை அலெஃப்-தாவ், அதாவது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், அதுதான் அல்பாவும் ஓமெகாவுமான (கிரேக்கத்துல முதல், கடைசி எழுத்து) இயேசுன்னு சொல்றதும் இதே வகைதான். அந்த சின்ன வார்த்தை "வானத்தை"ல இருக்குற "ஐ" மாதிரி செயப்படுபொருளைக் காட்டுற உருபு, பழைய ஏற்பாடு முழுக்க ஆயிரக்கணக்குல வரும், சர்ப்பத்தோட சேர்ந்தும் வரும்.

இதுவரைக்கும் முடிச்சவங்களுக்கு அடுத்த பயிற்சி புலம்பல் புத்தகம். 1, 2, 4-ஆம் அதிகாரம் 22 வசனம், 3-ஆம் அதிகாரம் 66, எல்லாம் எழுத்து வரிசையில. 2, 3, 4-ல மட்டும் ஆயினும் பேயும் இடம் மாறி நிக்கும், கண்டுபிடிங்க. 5-ஆம் அதிகாரத்துலயும் 22 வசனம்தான் இருக்கு, ஆனா எழுத்து வரிசை கிடையாது.