புரூக்ஸ் அருவிக் கரடிகளை நேரலையில் பார்ப்பது எப்படி?

அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் என்றொரு ஆறு ஓடுகிறது. மொத்த நீளமே சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். நடுவே ஆள் உயரத்தில் ஓர் அருவி. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஏறி வரும் சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாவித்தான் கடக்க வேண்டும். பழுப்புக் கரடிகள் அங்கே கூடுவது அதற்காகத்தான். 2012 முதல் எக்ஸ்ப்ளோர் (explore.org) இணையதளத்தின் நேரலை கேமராக்களில் இதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம்.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

நான் முதன்முதலில் திறந்தது ஆகஸ்ட் நடுவில். ஒரு மணி நேரம் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் உறைந்துவிட்டதோ என்று மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். கோளாறு என்னிடம்தான். ஜூலையில் மீன்கள் அருவியடியில் குவிகின்றன. ஆகஸ்டில் அவை மேலே ஏரிக்கும் சிற்றோடைகளுக்கும் பிரிந்து போய்விட, பெரும்பாலான கரடிகளும் வேறு இடம் தேடிப் போய்விடுகின்றன. முட்டையிட்டுச் செத்துக்கொண்டிருக்கும் மீன்கள் செப்டம்பரில் ஆற்றில் மிதந்து வரும்போது கரடிகளும் திரும்பி வரும். ஆகவே ஜூலையில் அருவிக் கேமரா, செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதிக் கேமரா. அலாஸ்காவில் பகலா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மீனை விடுங்கள், இடத்தைக் கவனியுங்கள்

புதியவர்கள் எல்லோரும் காத்திருப்பது ஒரே காட்சிக்கு: அருவி விளிம்பில் நிற்கும் கரடியின் வாய்க்குள் மீன் தாவி விழ வேண்டும். அழகான காட்சிதான். ஆனால் எந்தக் கரடி எங்கே நிற்கிறது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

அருவிக்கு நேர் கீழே நுரை கொப்பளிக்கும் குழிக்கு ‘ஜக்கூஸி’ என்று பெயர். பெரும்பாலும் பெரிய ஆண் கரடிகளின் சொத்து அது. மார்பளவு நீரில் உட்கார்ந்திருக்கும் கரடிக்கு அந்த நுரையில் மீன் தெரியாது. உடம்பில் வந்து மோதும்போதுதான் தெரியும். தோள் சட்டென்று அசைவற்றுப் போகும், பிறகு தலை உள்ளே முங்கும், வெளியே வரும்போது வாயில் சிவந்த சதை. இடம் கிடைக்காத இளங்கரடிகள் கீழே ஆழமில்லாத நீரில் தடதடவென ஓடிப் பிடிக்கப் பார்க்கும். பாதி நேரம் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். சில முகத்தை மட்டும் நீருக்குள் விட்டுத் தேடும். அடுத்தவர் பிடித்ததைப் பறிப்பதையே தொழிலாக வைத்திருப்பவையும் உண்டு.

சண்டை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெரியது நிதானமாக நடந்து வரும்; சின்னது கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து இடத்தை விடும். அவ்வளவுதான்.

ஆனால் குட்டிகளோடு தாய் வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறும். இங்குள்ள கரடிகளை அடையாளம் காண எண் கொடுத்திருக்கிறார்கள்; 128 என்ற எண்ணுடைய கிரேசர் என்ற தாய்க் கரடியைக் கண்டு பெரிய ஆண் கரடிகளே ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவளின் குட்டியையும் 2024 ஜூலையில் அருவி அடித்துக்கொண்டு போனது. கீழே இருந்த 32ஆம் எண் கரடி அதைக் கொன்றது. இதுவும் நேரலையில்தான் வந்தது. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மிச்சத்தைப் பாருங்கள்

பசியோடு இருக்கும் கரடி மீனை முழுதாகத் தின்னும். வயிறு நிறைய நிறைய, கொழுப்பு மிகுந்த தோல், மூளை, முட்டை மட்டும் போதும். மீதி கடற்காக்கைகளுக்கு. ஒரு மீனில் ஏறத்தாழ 4,500 கலோரி; பெரிய ஆண் கரடி ஒரே நாளில் 30 மீன்கூடத் தின்னும். பாதி தின்ற மீன்கள் ஆற்றோடு போகின்றன என்றால், அன்று வரத்து அமோகம் என்று பொருள்.

படி 4: ஒரு கரடியைத் தேர்ந்தெடுங்கள்

நிறத்தை நம்பாதீர்கள், ஜூலையில் முடி உதிர்ந்து கந்தலாக இருப்பது செப்டம்பரில் கருத்துத் தழைத்துவிடும். காதையும் தழும்பையும் பாருங்கள். கிரேசருக்கு வெளிறிய காதுகள். 32க்கு மூக்கின் குறுக்கே தழும்பு. ஜூலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள், செப்டம்பர் கடைசியில் இன்னொன்று. எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் மக்கள் வாக்களிக்கும், 2014இல் தொடங்கிய ‘குண்டுக் கரடி’ வாக்கெடுப்பும் இதே ஒப்பீடுதான். 2023, 2024 இரண்டிலும் கிரேசர் வென்றாள். 2024 இறுதிச் சுற்றில் அவளிடம் தோற்றது அதே 32. அடுத்த ஆண்டு உடைந்த தாடையோடு மீன் பிடித்துக் கொழுத்து 32 பட்டம் வென்றது.

படி 5: நேரில் போக ஆசை வந்தால்

சாலை கிடையாது, நீரில் இறங்கும் சிறு விமானம் அல்லது படகு. இறங்கியதும் கரடிப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தே தீர வேண்டும். எந்தக் கரடியிடமிருந்தும் 50 கஜமாவது விலகி நிற்க வேண்டும். அருவி மேடையில் ஒரு நேரத்தில் 40 பேர்தான். ஜூலையில் பெயர் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க நேரும். உங்கள் முறை வந்த பிறகும் பாதையில் ஒரு கரடி படுத்திருந்தால், அது தூங்கி எழுந்து போகும்வரை நின்றாக வேண்டியதுதான்.